மடியில் வைக்கிற பறைமேளம்

சூரிச்சில் அந்த இசைக்கருவிக் கடையில் நின்ற தாடிக்காரர், நான் எந்த மாதிரி இசை செய்கிறேன் என்று கேட்டார். ஹிப்ஹாப்பா, ஹவுஸா, அல்லது வேறு ஏதாவதா? கைக்கு அடக்கமான டிரம் பேட் வாங்க வருகிற எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். செத்தவீட்டு இசை என்று சொன்னேன். அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு மிகவும் மரியாதையாக, தணிந்த குரலில், யார் இறந்தது என்று கேட்டார். இன்னும் ஒருவரும் இறக்கவில்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைத்ததெல்லாம் ஓர் அடி தள்ளி நின்றுதான்.

டிரம் பேட் என்பதைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அது தானாகச் சத்தம் போடாது. ஒரு புத்தகம் அளவு தட்டு, அதன்மேல் ரப்பர் சதுரங்கள், அவ்வளவுதான். லேப்டாப்போடு வயரால் இணைத்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு சத்தத்தைக் கொடுத்துவைத்தால், விரலால் தட்டும்போது அந்தச் சத்தம் லேப்டாப்பிலிருந்து வரும். தட்டிய சதுரம் ஒருமுறை ஒளிர்ந்து அணையும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவருக்கு ரப்பரில் விரல் படுகிற டொக் டொக் மட்டும்தான் கேட்கும். எனக்குச் சூரிச்சுக்குப் பக்கத்து டீட்டிகோனில் அப்பா அம்மாவோடு வீடு, வில் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவில் வேலை. போக வர ரயிலில் தாளம் செய்வது நெடுநாள் பழக்கம். என் பழைய பேட் மேசையை நிரப்புகிற அளவு பெரியது, அதிலும் பாதிச் சதுரங்கள் செத்துப்போய்விட்டன. ஆனால் புதியதைத் தேடியது ரயிலுக்காக அல்ல. அப்பா கேட்டார்.

அப்பாவுக்கு நுரையீரல் கல்லாகிக்கொண்டு வந்தது. மருத்துவர் சொன்ன பெயர் வேறு. எங்களுக்கு விளங்கியது இதுதான். மூக்கில் குழாய், கட்டிலருகே பிராணவாயு இயந்திரம், வெளியே போனால் தோளில் ஒரு சிறிய பெட்டி. அந்தப் பெட்டியோடுதான் அவர் தன் பழைய சிநேகிதர் ஒருவரின் செத்தவீட்டுக்கு வந்தார். எங்கள் சனத்தின் செத்தவீட்டுக்கு இந்த நாட்டில் போனவர்களுக்குத் தெரியும், தகனசாலை மண்டபம் குறித்த நேரத்துக்குத்தான் கிடைக்கும். அடுத்த குடும்பம் பூக்களோடு வெளியே நிற்கும். அதற்குள் ஐயர் கிரியை, சுண்ணம் இடித்தல், வாய்க்கரிசி, அழுகை எல்லாம் முடிய வேண்டும். தோல்மேளம் அடிக்க விடமாட்டார்கள், பக்கத்து மண்டபத்துக்குக் கேட்குமாம். ஒலிபெருக்கியில் அளவாகப் போடலாம். ஆகவே எல்லாரும் ஃபோனில் ஒரு பறைமேளப் பதிவைத் தேடி எடுத்து ஒலிபெருக்கியில் கொழுவிவிடுவார்கள். ஊரில் அந்த மேளத்தை அடித்தவர்களை வாசலுக்கு அப்பால் நிற்க வைத்த சனம், இங்கே அடிக்க ஆளில்லை என்று கவலைப்படுகிறது. இதைச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அன்று சவப்பெட்டியைத் தூக்குகிற நேரம் பார்த்து மேளம் நின்றது. அடுத்த நொடி ஒரு பெண் குரல் மிகவும் சந்தோசமாக, மருத்துவக் காப்புறுதியை உடனே மாற்றுங்கள் என்று ஜெர்மன் மொழியில் சொன்னது. பின்னணியில் விசில் வேறு. யாரோ ஓடிப்போய் ஃபோனை எடுத்தார்கள். அது பூட்டியிருந்தது. திறக்க வேண்டுமென்றால் அதன் சொந்தக்காரரின் முகம் வேண்டும். அவர் பெட்டியின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். விளம்பரம் முடியும்வரை செத்தவரோடு சேர்ந்து நாங்கள் எல்லாரும் அசையாமல் காத்திருந்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது, மறைக்க முடியவில்லை, கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து ஒருத்தி என் முதுகைத் தடவிவிட்டாள்.

அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி, கட்டிலில் சாய்ந்து, மூச்சு சரியான பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, எனக்கு ஃபோன்ல போட வேண்டாம். நீ தட்டுறதில தட்டு."

சரி என்றேன். அப்போது அது என்றைக்கோ ஒரு நாள் செய்ய வேண்டிய வேலை, அவ்வளவுதான். அப்பா விடவில்லை.

"செத்தாப் பிறகு நீ சரியா அடிச்சியோ, பிழையா அடிச்சியோ எனக்கென்னெண்டு தெரியும்? முதல்லயே கேட்டிட்டுப் போறன்."

தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்ற அம்மா அதைக் கேட்டார். கோப்பையை வைத்த சத்தத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது, இனி நடக்கப்போவது என்னவென்று. உயிரோடு ஒரு மனுசன் இருக்கிற வீட்டில் சாமேளமா, உங்கள் இரண்டு பேருக்கும் விசரா என்று தொடங்கி, அன்று மத்தியானம் முழுக்கத் திட்டினார். அந்த மேளம் செத்த வீட்டைத் தேடிப் போகும், சாகாத வீட்டில் அடித்தால் அது வெறுங்கையோடு திரும்பாது. இதுதான் அவருடைய நம்பிக்கை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியென்றால் பழகுகிற நான் முதலில் போய்ச் சேர வேண்டுமே என்று கேட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சமையல் குறிப்பு சொல்கிற குரலில் சொன்னார்:

"அடிக்கிறவைக்கு ஒண்டும் வராது. கேக்கிறவைக்குத்தான்."

இப்படியாகத்தான் கடைக்குப் போனேன். பேட் மூன்று விடயங்களில் பொருந்த வேண்டும் என்று தாடிக்காரரிடம் விளக்கினேன். முதலாவது, அப்பாவின் கட்டிலருகே என் மடியில் வைத்து அடிக்கக்கூடிய அளவு சிறியதாக இருக்க வேண்டும். அடுத்தது, தகனசாலையில் மின் இணைப்புத் தேடி அலைய முடியாது, லேப்டாப்பிலிருந்தே அதற்கு மின்சாரம் வர வேண்டும். கடைசியாக, மெல்லத் தொட்டாலும் கேட்க வேண்டும், ஆனால் ரப்பர் சத்தம் சுவருக்கு அப்பால் போகக் கூடாது. அம்மாவைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. அவர் பெரும்பாலானவர்கள் வாங்குவதைத் தந்தார். சாப்பாட்டுப் பெட்டி அளவு, எட்டுச் சதுரங்கள், ஒவ்வொன்றும் ஒரு ரஸ்க் துண்டு மாதிரி. ரயிலுக்கு நல்லது. ஆனால் கல். அழுத்திக் குத்தினால்தான் ஏதாவது கேட்டது. அதை வைத்து என் அறையில் கதவைப் பூட்டிவிட்டு, ஹெட்ஃபோனோடு பழகத் தொடங்கினேன்.

பறைச் சத்தத்தை எங்கிருந்து எடுத்தேன் என்றால், மேடையில் பறை அடிக்கிற இளைஞர் குழு ஒன்றிடம் கேட்டு, அவர்களின் அடிகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து வந்திருந்தேன். ஓர் அடி நடுத்தோலில், ஓர் அடி விளிம்பில், குச்சியால் ஒன்று, மொட்டையாக ஒன்று. என் ஹெட்ஃபோனுக்குள் ஓர் ஊர்வலம் போய்க்கொண்டிருக்கும். வெளியே ரப்பர் மட்டும் டொக் டொக் என்னும். இரண்டாம் நாள் நான் ஹெட்ஃபோனைக் கழற்றியபோது, சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா சாமி படத்தின் முன்னால் தேவாரம் படித்துக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிடச் சத்தமாக. நான் ஒரு விரலால் மெதுவாகத் தட்டினேன். அவர் குரலை இன்னும் உயர்த்தினார். நிறுத்தினேன், அவரும் நிறுத்தினார். ரப்பரைக் கேட்டே அவருக்கு எந்தத் தாளம் என்று தெரிந்திருந்தது. அந்த வீட்டில் நான் அப்படிக் கூசிப்போய் இருந்ததில்லை.

அடுத்த நாளே அதைத் திருப்பிக் கொடுத்தேன். தாடிக்காரர் இம்முறை அலுமாரிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தார், யாரோ பாவித்துவிட்டு விற்றது. அகலமான பதினாறு சதுரங்கள், ரப்பர் பஞ்சு மாதிரி மென்மை, தட்டு மெல்லியது, முதுகுப்பைக்குள் லேப்டாப்போடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு குறை இருக்கிறது என்றார். அளவுக்கு மிஞ்சிக் கேட்கும். மேசையில் கோப்பை வைத்தாலும் அடியென்று எடுத்துக்கொள்ளும். பழைய சொந்தக்காரர் அதனால்தான் விற்றாராம். பிடிக்காவிட்டால் கொண்டுவாருங்கள் என்றார்.

அது மூடுபனிக் காலம். எங்கள் லிம்மாத் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பனி இறங்கினால் நாள் முழுக்கக் காலையா மாலையா என்று தெரியாத ஒரு சாம்பல் வெளிச்சம்தான். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அப்பாவின் அறையில் இருந்து, புதுப் பேட்டுக்குச் சத்தங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை, ஒழுங்குபடுத்தினேன், அவ்வளவுதான். அப்பா நித்திரை. அம்மா அரிசிப் பையைத் தூக்கித் தரச் சொல்லிக் கூப்பிட்டார். பேட்டைக் கட்டிலருகே இருந்த சின்ன அலுமாரியின் மேல் வைத்துவிட்டுப் போனேன். லேப்டாப் பதிவு செய்துகொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை.

குசினியில் வேலை முடிந்து பார்த்தால், அம்மா அப்பாவின் அறை வாசலில் அசையாமல் நின்றார். உள்ளே போகவில்லை. நான் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அந்த அரை இருட்டில் பேட்டின் மூலைச் சதுரம் மெல்ல ஒளிர்ந்து அணைந்தது. மறுபடி ஒளிர்ந்து அணைந்தது. அதைத் தொட ஒருவரும் இல்லை.

"ஆரோ அடிக்கினம்," என்றார் அம்மா. என்னிடம் சொல்லவில்லை, சும்மா சொன்னார்.

எனக்குக் கை மயிர் குத்திட்டு நின்றது. அதை மறைக்க வழக்கம்போலச் சத்தம் போட்டேன். பிராணவாயு இயந்திரம் அந்த அலுமாரியில் சாய்ந்து நிற்கிறது, அது அதிர்கிறது, அலுமாரி அதிர்கிறது, இந்தச் சாமான் அதையும் அடியென்று எடுக்கிறது, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து அலுமாரியில் வைத்துக் காட்டினேன். அவர் கையை உதறிக்கொண்டு போய்விட்டார். என் விளக்கம் சரியானதுதான். இன்றைக்கும் சரியானதுதான்.

ஆனால் லேப்டாப் திரையைப் பார்த்தபோது அதில் சதுரத்துக்கு ஒன்றாக இரண்டு வரிசைகள் இருந்தன. ஒவ்வோர் அடியும் ஒரு சின்னக் கோடாக விழுந்திருக்கும். மேல் வரிசை இயந்திரம், அளவு பிசகாத இடைவெளியில் ஒரே மாதிரிக் கோடுகள். கீழ் வரிசையில் வேறு கோடுகள் இருந்தன. கொஞ்சம் நெருக்கமாக, பிறகு ஒரு நீண்ட வெறுமை, பிறகு மறுபடி நெருக்கமாக. இயந்திரம் அப்படி அடிக்காது. ஹெட்ஃபோனை மாட்டி அந்த வரிசையை மட்டும் போட்டுக் கேட்டேன். மிக மிக மெல்லிய பறைமேளம், எங்கோ தொலைவில் யாருக்கோ அடிக்கிற மாதிரி. நடுவில் அறுந்து, ஒரு சத்தமும் இல்லாமல் போய், பிறகு வேறு ஓர் இடத்திலிருந்து தொடங்கியது. நான் ஒரு நாளும் அடித்திராத அடி. ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்துவிட்டு எழும்பிப் போய்விடலாம் என்று வந்தது. கடவுளே, நான் படித்தவள், ஒரு தொழிற்சாலையின் உற்பத்திக்குத் திட்டம் போடுகிறவள், எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் அப்பாவின் வலது கையைப் பார்த்தேன். அது கட்டிலிலிருந்து நழுவி அலுமாரி விளிம்பில் கிடந்தது. அவர் நல்ல நித்திரை, வாய் திறந்திருந்தது. விரல்கள் மட்டும் மரத்தில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் தட்டும். நின்றுவிடும். நின்ற நேரத்தில் அவர் மூச்சும் நின்ற மாதிரித் தெரியும். பிறகு விரல் மறுபடி தொடங்கும்.

அவர் எழும்பியதும், நித்திரையில் தாளம் போட்டீர்களே, என்ன தாளம் அது, ஏன் நடுவில் அறுகிறது என்று கேட்டேன். அப்பாவுக்குத் தான் தட்டியதே தெரியவில்லை. ஆனால் எங்கே அறுகிறது என்று நான் விரலால் தட்டிக் காட்டியதும் முகம் மாறிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, கதையைச் சொன்னார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவர் எங்கடின் மலைப்பகுதியில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தார். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை, நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப வர முடியாது. அந்தக் குளிர்காலத்தில் அவருடைய தகப்பனார் இறந்துபோனார். ஹோட்டலின் நிலவறையில், வேலைக்காரர் பாவிக்கிற தொலைபேசி ஒன்று இருந்தது. ஊரில் யாரோ ரிசீவரை முற்றத்துப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தகப்பனின் செத்தவீட்டை அப்பா அந்தக் கம்பிக்குள்ளால்தான் கேட்டார். லைன் விட்டு விட்டு வந்தது. மேளம் கேட்கும், அறுந்துபோகும், பிறகு வேறு இடத்தில் கேட்கும். மேளத்தை அவர் முழுசாகக் கேட்டது அதற்கு முன்னர் சின்ன வயதில், அது நினைவில்லை. அவருக்குத் தெரிந்தது இந்த அறுந்த மேளம்தான்.

"எனக்கு அப்பிடித்தான் வேணும். முழுசா அடிச்சா அது வேற ஆருக்கோ எண்டு போயிடும்," என்றார்.

பேட்டைத் திருப்பிக் கொடுக்கிற யோசனையை அன்றே விட்டேன். மெல்லத் தொட்டாலும் கேட்கிற அந்தச் சாமான் இல்லாவிட்டால் எனக்கு இது ஒன்றும் தெரிந்திராது. தாடிக்காரர் சொல்லித் தந்தபடி, எவ்வளவு மெல்லிய அடிவரை கணக்கில் எடுப்பது என்ற அளவைப் பேட்டிலுள்ள சக்கரத்தால் உயர்த்தினேன். அதன் பிறகு அது இயந்திரத்தைக் கேட்கவில்லை. அப்பாவின் விரலையும் கேட்கவில்லை. ஒரு சக்கரத்தைத் திருப்பினால் ஒரு மனிதர் இல்லாமல் போய்விடுகிறார் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேறு வழியில்லாமல் திருப்பினேன்.

வீட்டில் பழக அம்மா விடமாட்டார் என்பதால் நிலவறைக்கு இறங்கினேன். இங்கே பழைய கட்டடங்கள் எல்லாவற்றிலும் போர் வந்தால் ஒளிக்கவென்று கீழே கொங்கிறீட் அறை இருக்கும், ஒரு முழத் தடிப்பில் கதவோடு. போர் வராததால் சுவிஸ்காரர் அதில் பனிச்சறுக்குக் கட்டைகளை வைக்கிறார்கள். போரிலிருந்து ஓடிவந்த என் அம்மாவும் அப்பாவும் அரிசியும் மிளகாய்த்தூளும் வைக்கிறார்கள். அரிசிப் பையின் மேல் இருந்து, மடியில் பேட்டை வைத்து, அந்த அறுந்த மேளத்தை உண்டாக்கினேன். சத்தத்தின் அடிவயிற்றை எடுத்துவிட்டேன், தொலைபேசியில் வருகிற மாதிரி மெல்லிய தகரச் சத்தமாக்கினேன். அடிப்பதைவிட நிறுத்துவதுதான் கடினம். கை தானாக அடுத்த அடிக்குப் போகும். அங்கே விளக்கு கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். எழும்பிப் போய்ச் சுவிட்சை அமுக்கச் சோம்பலாக இருந்தால் இருட்டில் அடிப்பேன், சதுரங்கள் ஒளிர்ந்து அணைகிற வெளிச்சம் போதும். நிறுத்துகிற இடங்களில் அறை முழு இருட்டாகிவிடும். என் மூச்சைத் தவிர வேறு யாருடையதோ கேட்கிற மாதிரி இருக்கும். கதவுப் பக்கம் பார்க்காமல் எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் அப்படி இருட்டில் நிறுத்தியிருந்து, அடுத்த அடியைத் தட்டியபோது, அந்த வெளிச்சத்தில் இரண்டு கால்கள் தெரிந்தன. வீட்டுச் செருப்பு. பச்சைக் கம்பளிக் காலுறை. நான் கத்திய கத்தலில் மேலே யாராவது கதவைத் திறந்திருக்க வேண்டும். அம்மா அசையவில்லை. எவ்வளவு நேரமாக அங்கே நின்றார் என்று எனக்குத் தெரியாது. அந்த நிலவறைக்கு அவர் தனியாக இறங்கி வந்ததே இல்லை, அரிசி வேண்டுமென்றால் என்னைத்தான் அனுப்புவார்.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டார். முடிந்தது என்றேன். அப்பாவுக்கு இன்னும் கேட்கக் கொடுக்கவில்லையோ என்றார். இல்லை, நாளைக்கு என்றேன். சண்டைக்குத் தயாரானேன், வாயில் பதில் எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அவர் பக்கத்தில் மிளகாய்த்தூள் வாளியின் மேல் இருந்தார்.

"முதல்ல எனக்குப் போட்டுக் காட்டு," என்றார்.

ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். கொண்டை இடித்தது, தளர்த்திக் கட்டிக்கொண்டார். நான் அடிக்கத் தொடங்கினேன். எனக்கு ரப்பர் சத்தம் மட்டும்தான். சதுரங்கள் ஒளிரும்போது அவர் முகம் தெரிந்தது, அணைந்தபோது தெரியவில்லை. கண்ணை மூடவில்லை, என் விரலையும் பார்க்கவில்லை. கைகள் இரண்டையும் ஹெட்ஃபோனின் மேல் வைத்து, ஒரு சொட்டும் வெளியே சிந்தக் கூடாது என்ற மாதிரிக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார். கடைசி அடிவரை கேட்டார். கழற்றித் தந்தபோது அவர் விரல்கள் குளிர்ந்திருந்தன.

"இனி அவருக்குக் குடு," என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். எனக்குப் பெரிய நிம்மதி. அம்மா மனம் மாறிவிட்டார், பிடிவாதம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். போகிற வழியில் விளக்கைக்கூடப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அப்பாவின் தலையணையை உயர்த்தி, ஹெட்ஃபோனை மாட்டி, பேட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். மூக்குக் குழாய் சிக்காமல் அம்மா பிடித்துக்கொண்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். முதல் அடிகளில் முகத்தில் ஒன்றும் இல்லை. முதல் அறுப்பு வந்தது, நான் கையைத் தூக்கினேன். அந்த மௌனத்துக்குள் அப்பா வாயைத் திறந்தார்.

"ஹலோ," என்றார். "ஹலோ. கேக்குதோ?"

கத்திக் கேட்கிற குரல். இவ்வளவு காற்று அந்த நெஞ்சில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. எண்ணிக்கையை விடாமல் அடுத்த அடியை அடித்தேன். மேளம் வந்ததும் அமைதியாகிவிட்டார். அடுத்த அறுப்பிலும் அதே குரல். யாரையோ ரிசீவரைக் கிட்டப் பிடிக்கச் சொன்னார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா குழாயைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் அப்பா கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று சரிபார்த்துவிட்டு, தேத்தண்ணி கேட்டார். நல்லது பிள்ளை, இனிப் பிரச்சினை இல்லை என்றார். அன்று இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டார்.

அந்தக் கிழமை முழுக்க அம்மா வீட்டைப் புரட்டிப்போட்டார். சேலைகளை எல்லாம் எடுத்து, எது யாருக்கு என்று பிரித்துக் கட்டினார். நகைப் பெட்டியின் திறப்புச் சாவி எங்கே என்று காட்டினார். அப்பாவின் மருந்துகளை எந்த நேரம் எப்படிக் கொடுப்பது, கஞ்சிக்கு எவ்வளவு உப்பு, இரவில் அவர் இருமினால் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று என்னை நிற்கவைத்துச் சொல்லித் தந்தார். நான் எரிச்சல்பட்டேன். நீங்கள்தானே செய்கிறீர்கள், எனக்கு ஏன் பாடம் எடுக்கிறீர்கள் என்றேன். ஒவ்வொரு நாளும் தலை முழுகி, திருநீறு பூசி, வெளுத்த நல்ல சேலை உடுத்திக்கொண்டு படுக்கப் போனார். காலையில் எழும்பி, இன்னும் இருக்கிறேன் என்று யோசிக்கிறவர் மாதிரி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் கொஞ்ச நேரம் இருப்பார். வயது போகிறது என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை ஒரு மத்தியானம், கஞ்சி ஆறுகிற நேரத்தில், அப்பா போய்விட்டார். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அம்மா அழவில்லை. அவருக்குக் கோபம். என் மேலில்லை, அப்பா மேலுமில்லை. கடையில் பிழையான சாமானைக் கட்டித் தந்துவிட்டார்கள், திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை என்ற மாதிரி ஒரு கோபம். வந்த சனம் கட்டிப்பிடித்து அழுதபோது மரமாக நின்றார்.

தகனசாலை மண்டபத்தில் முன்வரிசை ஓரத்தில், அம்மாவுக்குப் பக்கத்தில் எனக்கு இடம். மடியில் பேட், அதிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு வயர், லேப்டாப்பிலிருந்து மண்டபத்து ஒலிபெருக்கிக்கு மற்றது. கிரியை முடிந்ததும் ஐயர் தலையசைத்தார். அடிக்கத் தொடங்கினேன். அந்தத் தகரச் சத்தம் கொங்கிறீட் சுவர்களில் பட்டு, எங்கோ வெளியே வயலுக்கு அப்பால் அடிக்கிற மாதிரிக் கேட்டது. சனம் திரும்பிப் பார்த்தது. முதல் அறுப்பில் கையைத் தூக்கினேன். பின்வரிசையில் சலசலப்பு. கோட்டு சூட்டோடு உறவினர் ஒருவர் குனிந்தபடி ஓடிவந்து, கனெக்ஷன் விடுகிறது பிள்ளை என்று சொல்லி, ஒலிபெருக்கி வயரைப் பிடுங்கி மறுபடி செருகினார். அவரை முறைத்தேன். மேளம் மறுபடி வந்ததும், தான் திருத்திய திருப்தியோடு போய் இருந்தார்.

இரண்டாவது அறுப்பு நீளமானது. அப்பா ரிசீவரைக் கிட்டப் பிடிக்கச் சொன்ன இடம் அது. கையைத் தூக்கினேன். மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. அம்மா எழும்பினார். பெட்டிக்குக் கிட்டப் போய், இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்து, குனிந்து, சமையலறையிலிருந்து அப்பாவைக் கூப்பிடுகிற அதே குரலில் கேட்டார். எல்லாருக்கும் கேட்டது.

"இஞ்சாருங்கோ, முதல் கேக்கிற ஆளைத்தான் அது கூட்டிக்கொண்டு போறது. நான்தானே முதல் கேட்டனான். நீங்கள் ஏன் போனியள்?"

அடுத்த அடிக்கான நேரம் வந்தது. என் விரல் ரப்பருக்கு மேல் நின்றது. பதிலுக்காக அம்மா குனிந்தபடியே இருந்தார். நேரம் தாண்டிப் போனது, நான் அடிக்கவில்லை. அந்த உறவினர் மறுபடி வயரைப் பார்க்க எழும்பி வந்துகொண்டிருந்தார்.